வெயில் வட்டங்கள்

ரஜாய் என்னும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க, துணியைப் பற்றிச் சகினாவுக்கு ஒரு கவலையே இல்லை. கணவன் பீர் முஹம்மதுவின் தையல் கடையில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேரும். கவலையெல்லாம் டிசைன்தான். பாண்டி பஜார் கடைக்காரர் ஒருமுறை வாங்கிய டிசைனை மறுமுறை தொடமாட்டார். அதனால் கச்சேரி ரோட்டுச் சந்திலிருந்து அவள் எங்கே கிளம்பினாலும், கண் மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருக்கும்.

எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் மயிலாப்பூர் தெப்பக்குளம் வற்றிப்போயிருந்தது. அடிச்சேறு காய்ந்து, ஓட்டுச்சில்லுகளைப் பரப்பினாற்போல் வெடித்துக் கிடந்தது. வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். பழுப்பும் சாம்பலுமாகத் துண்டுகள் வெட்டி அதைத் தைத்தாள். முடித்த மறுநாள் அந்த வழியே போனபோது குளத்தில் வெடிப்பு இல்லை. மழையும் பெய்திருக்கவில்லை. சேறு மெழுகிய தரைபோல வழவழவென்று கிடந்தது. யாரோ மண் அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு திருவான்மியூர்க் கடற்கரை. சின்ன நண்டுகள் வளையைச் சுற்றி மணலை உருட்டி, புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டிருந்தன. அதையும் தைத்தாள். அடுத்த தடவை போனபோது வளைகள் இருந்தன. உருண்டை ஒன்றுகூட இல்லை. வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தாள். நண்டும் வரவில்லை.

கணவனிடம் சொன்னாள்.

"நீ தச்சா மறைஞ்சுபூடுதா? அப்ப நம்ம வூட்டு ஓனர் மூஞ்சிய ஒண்ணு தச்சுக் குடேன்," என்றான் அவன்.

அவளும் சிரித்துவிட்டாள்.

பீரின் தங்கை மைமூன் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்கு மதினி கையால் ஒரு ரஜாய் வேண்டும் என்றாள். பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. உடுத்திப் பழகிய துணிதான் முதலில் மேலே படவேண்டும். ஆகவே கடை வெட்டுத்துணியைத் தொடாமல், மைமூனின் பழைய, மெல்லிய வாயில் பருத்திச் சேலையையே எடுத்துக்கொண்டாள் சகினா.

டிசைன் கொல்லையிலேயே கிடைத்தது. புங்கமரத்தடியில் பாய் விரித்து மைமூன் தூங்கிக்கொண்டிருந்தாள். இலை இடுக்குகளின் வழியே இறங்கிய வெயில், அவள் வயிற்றின்மேல் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. உள்ளே குழந்தை அசைந்தது. வட்டங்கள் எழும்பி இறங்கின. சகினா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். இப்படி ஒரு டிசைன் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

வேறெதையும் நினைக்காமல் தைத்தாள். சின்ன ரஜாய்தான், சீக்கிரமே வளர்ந்தது. ஓரம் அடித்து, கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தபோது வெளியே நல்ல வெயில்.

காட்டுவதற்காகக் கொல்லைக்குப் போனாள். மைமூன் அதே மரத்தடியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் நிழல் ஒரே சீராகப் படிந்திருந்தது. மரம் அதேதான். இலைகளும் அப்படியே இருந்தன. ஒரு வட்டம்கூட இல்லை.

சகினா கையிலிருந்த ரஜாயைப் பார்த்தாள். வெயில் போனால் போகட்டும். தான் பார்த்துத் தைத்தது வெயிலை மட்டுமா?

"மைமூன், புள்ள அசையுதா?"

"காலைலேருந்து ஒண்ணும் காணோம் மதினி. தூங்கினு கீது போல. அதோட அத்தா மாதிரி சோம்பேறியாத்தான் வரும்." மைமூன் கை நீட்டினாள். "முடிச்சிட்டீங்களா, குடுங்க பாப்போம்."

சகினா கொடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஊசி முனையால் கடைசித் தையலை நெம்பினாள்.

"இன்னா பண்றீங்க? புள்ளைக்குத் தச்சதப் பிரிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லும்."

"தப்பாயிடுச்சும்மா."

"எங்க தப்பு? எனக்கு ஒண்ணும் தெரியல."

சகினா நூலை உருவிக்கொண்டே இருந்தாள். துணி கிழிந்த இடத்திலும் நிறுத்தவில்லை. மைமூன் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு பூண்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்நேரத்துக்கு எப்பவும் உதைக்கும் மதினி," என்றாள் மெதுவாக.

கடைசித் துணிவட்டம் கழன்று சகினாவின் மடியில் விழுந்தது. காற்றே இல்லை. மைமூனின் முழங்காலில் ஒரு வெயில் வட்டம் தெரிந்தது. பிறகு தோளில் ஒன்று. வயிற்றில் எதுவும் இல்லை.

சகினா துணியைத் திருப்பித் திருப்பித் தடவினாள். மடிப்புக்குள் ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. நகத்தால் கிள்ளிப் பிடுங்கினாள்.

"ம்," என்றாள் மைமூன். அவள் கண் கலங்கியிருந்தது. "உதைக்குது."

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்குழந்தை பிறந்தது. சகினா காத்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே பீர் முஹம்மது அதைத் துணியில் சுற்றித் தூக்கிவந்தான்.

"இந்தா, மூக்கப் பாரு, அப்படியே எங்க வூட்டு மூக்கு."

சகினா கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகளை மட்டும் நீட்டினாள்.