மதகை மூடியவர்

காலை பத்து மணிக்கு, ஆற்றுத் தண்ணீர் சேறாகிவிட்டது என்றது திரை. கலங்கல் முந்நூறு. ஒன்பதரைக்கு அந்த எண் வெறும் ஆறாகத்தான் இருந்தது.

அந்தக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லாம் தானாக நடக்கும். வரும் தண்ணீரின் கலங்கலுக்கு ஏற்ப பம்பு படிகாரக் கரைசலை ஊற்றும். சேறு திரண்டு தொட்டியடியில் தங்க, தெளிந்தது மணலில் வடிந்து, குளோரின் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும். கலங்கல் எல்லை மீறினால் மதகு தானே மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது.

"ஒரு துளி மழை இல்ல, சேறு எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் ஆபரேட்டர்.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி," என்றான் எலெக்ட்ரீஷியன். அவள் கணவனின் தம்பி. கடிகாரத்தைப் பார்க்காமல் அவனுக்குப் பசிகூட எடுக்காது. அதனால் வீட்டில் அவன் பெயர் 'மீட்டர்'. கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டான். இரண்டு முறையும் முந்நூறு.

ஏற்கெனவே பாதியாயிருந்த மேல்தொட்டி அடிதட்டத் தொடங்கியது. சலவைக்கடையிலிருந்து கணவன் போனில் கூப்பிட்டான்.

"ஏம்மா, குழாய்ல நூலாட்டம் வருது! நாற்பது போர்வை நுரையோட நிக்குது. நானும் நுரையோடதான் நிக்கிறேன்!"

அவள் மதகடிக்கு ஓடி, ஒரு தம்ளரில் ஆற்றுநீரை மொண்டாள். தம்ளருக்கு அந்தப் பக்கம் விரல் ரேகை தெரிந்தது. கலங்கல் அளக்கும் கையடக்கக் கருவியில் வைத்தாள். ஆறு.

"இதுவும் மெஷின்தான். இப்ப எதை நம்புவே?"

மீட்டருக்கு முகம் தொங்கிவிட்டது. "ரெண்டையும் நம்பக் கூடாதா?"

கலங்கலை அளக்கும் உணரியின் பெட்டியைத் திறந்தார்கள். அதன் கண்ணாடிக் கண்ணை அடைத்துக்கொண்டு, நகமளவு நத்தை ஒன்று நிம்மதியாக ஒட்டியிருந்தது.

"யாரைக் கேட்டு ஏறினே?" என்று மீட்டர் அதன்மேல் பாய்ந்தான்.

அவள் நத்தையை எடுத்துப் புல்லில் விட்டு, கண்ணாடியைத் துடைத்தாள். முந்நூறு, எண்பது, ஆறு. மதகு முனகிக்கொண்டே திறந்தது.

மதகு மூடியதற்குக் காரணம் பதியாமல் கணினி நகராது. திரையில் நான்கு காரணங்கள் இருந்தன: மழை, மின்தடை, கருவிக் கோளாறு, மற்றவை.

"கோளாறுன்னு போடாதீங்க அண்ணி. கண்ணைப் பொத்தினா உங்களுக்கும் இருட்டாத்தான் தெரியும்."

அவள் சிரித்துவிட்டு, 'மற்றவை: நத்தை' என்று தட்டினாள். ஐந்தாவது நிமிடம் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார்.

"யாரும்மா அந்த நத்தை? புது காண்ட்ராக்டரா?"

"இல்லை சார், ஆத்துலேர்ந்து வந்தவர்."

விஷயம் புரிந்து அவர் சிரித்து முடிக்க நேரமானது. மறுநாளே உணரிக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாய்க்குச் சல்லடை வந்தது. மீட்டர்தான் மாட்டினான், சல்லடைத் துளையின் அகலத்தை மூன்று முறை அளந்து பார்த்து.