எட்டு மூடி

1

இந்தக் கதை ஒரு பாட்டிலின் முதுகிலிருந்து வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்கு ஏதாவது கலந்து குடிக்கலாமென்று அடுக்களைக்குப் போனேன். பழம் இல்லை. ஃபிரிட்ஜின் கதவில் எலுமிச்சைச் சாறு பாட்டில் ஒன்று நின்றது. எழுத்து ஓடாத நாளில் எழுதுகிற ஆள் எதைக் கொடுத்தாலும் படிக்கும். பின்பக்க லேபிளைப் படித்தேன். ‘நீர், செறிவாக்கிய எலுமிச்சைச் சாறு’ என்று போட்டிருந்தது.

அதாவது, பழத்திலிருந்த நீரை முதலில் வெளியேற்றிவிட்டார்கள். பிறகு வேறு நீரைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கோ ஒரு மரம் வேரால் உறிஞ்சிச் சேர்த்த நீரை ஆவியாக்கி அனுப்பிவிட்டு, குழாயைத் திறந்து முன்பின் தெரியாத நீரை ஊற்றியும், அது எலுமிச்சையாகவே இருக்கிறது! வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவு அவ்வளவு நேரம் திறந்து கிடந்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

2

தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

‘எலுமிச்சை என்பது மனித வாழ்வின்—’ (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

‘அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனபோது அவள்—’ (யார் அவள்? முதலில் ஆளைக் கொண்டு வா.)

‘ஆலையில் அவளை எல்லோரும் நாக்கு என்றே கூப்பிட்டார்கள்.’

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

சாற்றைப் பாட்டிலில் அடைக்கும் ஆலை அது. அவளுக்குச் சுவை பார்க்கும் வேலை. காலையில் வெள்ளை மேசைமீது சின்னச் சின்னக் கோப்பைகள் வரும். ஒரு வாய் எடுத்து, சுழற்றி, துப்பிவிட்டு, “போகலாம்” என்பாள். அல்லது “நிறுத்துங்க” என்பாள். நிறுத்தச் சொன்னால் ஒரு தொட்டிச் சாறு அப்படியே நிற்கும். “நாக்கு வந்தாச்சா?” என்று வாசல் காவலர்கூடக் கேட்பார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைதான்.

போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவள் மூக்கின் வாசனையையும் நாக்கின் சுவையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. அவளோடு சேர்ந்து சுவை பார்க்கும் இரண்டு பேரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். புருவம் சுருங்கினால் “நிறுத்துங்க”, சுருங்காவிட்டால் “போகலாம்”. வீட்டில் கை தன் பழக்கத்தில் உப்புப் போட்டது. எப்படியோ வண்டி ஓடியது. ஆனால் நாளை அந்த இரண்டு பேருமே லீவு. புதுத் தொட்டி வருகிறது, மேசையில் அவள் மட்டும். கெட்டுப்போன சாற்றுக்குப் “போகலாம்” என்றுவிட்டால் அது யார் யார் வீட்டுப் பிள்ளைகளின் வாய்க்குப் போகுமோ. இன்றைக்குள் நாக்கு திரும்ப வேண்டும். இல்லையென்றால் நாளை உண்மையைச் சொல்லி, அந்த மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும்.

3

இங்கே எனக்கே அவள்மேல் ஒரு சந்தேகம். கட்டிய கணவனிடம்கூடவா சொல்லாமல் இருப்பாள்?

கணவன் கெட்டவன் என்று எழுதினால் வேலை சுலபமாக முடியும். எழுதியும் பார்த்தேன்: ‘அவன் கோபக்காரன், அதனால்—’ பேனா நகரவில்லை. ஏனென்றால் அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. லிஃப்ட் மெக்கானிக். கிணறு மாதிரி இருட்டுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன். அளவு பிசகினால் ஆள் காலி என்று தெரிந்தவன். வீட்டில் படம் மாட்டினால்கூட மட்டம் பார்த்துத்தான் ஆணி அடிப்பான். அவனிடம் ஏன் மறைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே அடுத்த பகுதிக்குப் போகிறேன். நீங்களும் வாருங்கள்.

4

ஞாயிறு மதியம். கரண்ட் இல்லை. அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுக்களையில் மெக்கானிக் கையில் பாட்டில், பக்கத்தில் மகள்.

“ஏம்மா, ஜூஸுக்கு இது எவ்வளவு ஊத்தணும்?” என்று உள்ளேயிருந்து கத்தினான்.

“ஜக்குக்கு எட்டு மூடி ஊத்துங்க! சர்க்கரை நாலு கரண்டி போதும்!”

“எட்டு மூடியா? சரி சரி!”

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எலுமிச்சையை இரண்டாக நறுக்கினால் ஒவ்வொரு பாதியும் ஒரு மூடி. பாட்டிலின் தலையில் திருகி வைத்திருப்பதும் மூடி. பாட்டில்களுக்கு நடுவிலேயே வேலை செய்கிறவள் சொன்னது இந்த மூடியை. பழத்தைப் பிழிந்தே பழகியவன் எடுத்துக்கொண்டது அந்த மூடியை. நம் மொழி ஒரே சொல்லை இருவரிடமும் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

மெக்கானிக் லேபிளைப் படித்தான். மூன்று மேசைக்கரண்டி ஒரு பழத்துக்குச் சமம் என்று அதில் இருந்தது. “எட்டு மூடின்னா நாலு பழம். நாலு பழம்னா பன்னெண்டு கரண்டி” என்று மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே அளந்து ஊற்றினான். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. இவ்வளவு துல்லியமாக ஒருவன் தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

தெளிந்த தண்ணீர் மேகம்போலக் கலங்கியது. சர்க்கரை அடியில் போய் உட்கார்ந்தது. கரண்டி சுற்றச் சுற்ற, காணாமல் போயிற்று. எத்தனையோ முறை பார்த்ததுதான். எழுதும்போதுதான் கை நிற்கிறது. கண்முன்னால் இருந்த ஒன்று கண்முன்னாலேயே மறைந்து, மறைந்தபின்னும் ஒவ்வொரு வாயிலும் இருக்கப்போகிறது. இதற்கு மேல் என்ன அதிசயம் வேண்டும் நமக்கு?

மகள்தான் முதலில் குடித்தாள். “ஐயோ அப்பா! பல்லெல்லாம் கூசுது! என்னப்பா இது?”

அவனும் ஒரு வாய் வைத்தான். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. தோள் இரண்டும் காதுவரை ஏறின.

“உங்கம்மா சொன்ன அளவுதாண்டி போட்டேன்!” என்றவன் குரலைத் தாழ்த்தினான். “இரு இரு. அம்மாகிட்ட சொல்லாத. ஒண்ணுமே தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கோ. அவளும் ஒரு வாய் குடிக்கட்டும், அப்புறம் பாரு கூத்த.”

காலி வாளியோடு அவள் உள்ளே வந்தாள். டம்ளரை நீட்டினார்கள். அவள் வழக்கம்போல முதலில் இருவர் முகத்தையும் பார்த்தாள். இரண்டும் கழுவி வைத்த தட்டுபோலச் சாதாரணமாக இருந்தன. மடமடவென்று முழு டம்ளரையும் குடித்து முடித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கலா போட்டுட்டீங்க” என்றாள்.

மகள் சிரிக்கத் தொடங்கினாள். அப்பா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

5

(இங்கே ஒரு பத்தி முழுக்க அமைதியை வருணித்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

“எத்தனை நாளா?” என்று கேட்டான் மெக்கானிக்.

“எது?”

“எதுன்னு உனக்கே தெரியும்.”

டம்ளரைக் கீழே வைத்தாள். “காய்ச்சல் விட்டதிலேர்ந்து.”

“என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?”

“சொன்னா நெசமாயிடுமோன்னு பயமா இருந்துச்சுங்க. சொல்லாத வரைக்கும், நாளைக்குச் சரியாயிடும் நாளைக்குச் சரியாயிடும்னு ஓட்டிட்டு இருந்தேன்.”

மூன்றாம் பகுதியில் நான் தேடிக் கிடைக்காத பதில் இது. சத்தியமாக நான் யோசித்து எழுதவில்லை. அவள் வாயைத் திறந்தாள், வந்துவிட்டது. நான் உண்டாக்கிய பெண்ணுக்கு எனக்குத் தெரியாதது தெரிந்திருக்கிறது.

மெக்கானிக் திரும்பினான். பாட்டிலை எடுத்தான். அவள் வலது கையைப் பிடித்து, விரித்து, உள்ளங்கைக் குழியில் வெறும் சாற்றை ஊற்றினான்.

“நக்கிப் பாரு.”

“வேணாங்க. ஒண்ணுமே தெரியலேன்னா?”

“தெரியலேன்னா நாளைக்கு நானும் உன்கூட ஃபேக்டரிக்கு வரேன். சேர்ந்தே போய்ச் சொல்லுவோம். அது நாளைக்கு. இப்ப நக்கு.”

அவள் கையை வாயருகே கொண்டுபோனாள்.

6

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

அ) நாக்கின் ஓரத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு சுருக். அவள் முகம் கோணுகிறது. அந்தக் கோணல் முகத்தைப் பார்த்த அளவு ஆசையாக மெக்கானிக் வாழ்நாளில் எதையும் பார்த்ததில்லை. மகள் குதிக்கிறாள்— (சர்க்கரை தூக்கல்.)

ஆ) வெறும் தண்ணீர். குளிர்ச்சி மட்டும். அவள் தலையை ஆட்டுகிறாள். மறுநாள் காலை அவளும் அவனும் ஆலை வாசலில்— (இதை எழுத மனசு வரவில்லை.)

ஆகவே அவளை அங்கேயே நிறுத்திவிட்டேன். என் அதிகாரம் இதற்குமேல் செல்லாது. அவளுக்கு வேலை கொடுத்தேன், காய்ச்சல் கொடுத்தேன், அளவு தவறாத ஒரு கணவனைக் கொடுத்தேன். சுவையை மட்டும் தாளில் வைக்க எனக்கு வழி தெரியவில்லை. அதற்கு ஒரு நிஜ நாக்கு வேண்டும். இந்தக் கதையில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. அது உங்களுடையது.

கொஞ்சம் உதவுங்கள். உங்கள் உள்ளங்கையைக் குழித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கிடையாது, தண்ணீர் கிடையாது. வெறும் எலுமிச்சைச் சாறு, லேசான மஞ்சளில், கலங்கலாக, விரலிடுக்கில் கசிந்துகொண்டு. குனிந்து நாக்கின் நுனியால் தொடுங்கள்.

வாயில் நீர் ஊறியதா? ஒரு சொட்டுச் சாறுகூட இல்லை, வெறும் எழுத்துதான். அதற்கே ஊறியதா?

ஊறியிருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஊறாவிட்டாலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.