எச்சில் படாத முடிச்சு

அன்று காலை எல்ஸ்பெத்தின் வாய் வறண்டு கிடந்தது. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

சமையலறை மேசையில் மே மாத வெயில் விழுந்திருந்தது. அவள் ஒரு கையில் பச்சைத் தூண்டில் நூலின் தடித்த நுனியும், மறு கையில் அதோடு சேர்க்க வேண்டிய, கண்ணாடிபோல் தெளிந்த நைலான் நரம்பும். இரண்டுக்கும் நடுவில் மை தீர்ந்த பேனா ரீஃபில்லிலிருந்து வெட்டிய சின்னக் குழல். மூன்றையும் சேர்த்துப் பிடித்து, நரம்பை ஐந்து சுற்று நெருக்கமாகச் சுற்றி, அதன் நுனியைக் குழலுக்குள் விட்டு வெளியே எடுத்து, குழலை உருவிவிட்டால் முடிச்சு நிற்கும். அதை எச்சிலில் நனைத்து இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசலில் நரம்பு சூடாகிப் பொசுங்கிவிடும்; கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாதி பலம்தான் மிஞ்சும்.

எதிரே அவள் கணவன் இன்னஸ் வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். வெளியே எடுத்தால் அது தன்பாட்டுக்கு ஆடும். இரண்டு வருடமாக ஆடுகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் அந்த இரண்டு மைல் கரையில் சால்மன் பிடிக்க வரும் விருந்தாளிகளுக்குத் தூண்டில் கட்டிக் கொடுத்து, மீன் கிடக்கும் இடம் காட்டும் ஆற்றுக்காரன் முப்பத்தொரு வருடமாக அவன்தான். குடியிருக்கும் வீடு அந்தக் கரைக்குச் சொந்தமான எஸ்டேட்டுடையது. வேலை இருக்கும் வரைதான் வீடு. மேல்கரை ஆற்றுக்காரர் டூகலுக்குக் கண் மங்கியபோது விருந்து வைத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், கைதட்டினார்கள். மறுமாதம் அந்த வீட்டு ஜன்னலில் வேறு திரைச்சீலை தொங்கியது.

"கார்விகிட்ட நாமளே சொல்லிடலாம்" என்றாள் எல்ஸ்பெத். கார்வி எஸ்டேட் மேனேஜர். "எல்கின் டவுன்ல என் தங்கச்சி வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு."

"அங்க ஆறு இருக்கா?"

"கொழாயத் தொறந்தா தண்ணி வரும். அது போதாதா ஒனக்கு?"

வழக்கமாக இதற்குச் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. "நீ கட்டுற வேலையப் பாரு" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. யாருக்காகக் கட்டுகிறாள்? அவன் விரல்களாக இரண்டு வருடம் இருந்ததற்கு இதுதானா கூலி? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முடிச்சை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே இறக்கி, வெடுக்கென்று இழுத்தாள். இழுத்த கணமே தப்பு தெரிந்துவிட்டது. அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கலாம். கோபம் விடவில்லை. ஒருதரம் சுண்டிப் பார்த்தாள், நின்றது. போகட்டும் என்று மீதி நரம்பைக் கடித்துத் துப்பினாள்.

பிப்ரவரியில் மீன்பிடிப்பு தொடங்கியபோது இந்தக் கவலை இல்லை. அந்தக் குளிரில் யாருக்குத்தான் கை நடுங்கவில்லை? திறப்பு நாள் விஸ்கியை வாங்கும்போது கார்வியின் கோப்பையே தளும்பியது. "எழவு குளிர்" என்று இன்னஸ் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது கரை முழுக்க மஞ்சள் முட்பூ பூத்துக் கிடக்கிறது, ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இனிக் குளிர்மேல் பழிபோட முடியாது.

மதியச் சாப்பாட்டுக் கூடையோடு அவள் கரைக்கு இறங்கியபோது கூச்சல் கேட்டது. லண்டன் வக்கீல் பெல்லாமி இடுப்பளவு தண்ணீரில் நின்றார், தூண்டில் கழி வில்லாய் வளைந்திருந்தது. பதினொரு வருடமாக வருகிறார், பெரிய மீன் ஒன்றும் வாய்த்ததில்லை. இப்போது வாய்த்திருக்கிறது. கார்வியும் வந்து நின்றிருந்தார். இன்னஸ் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "விடுங்க சார், ஓடட்டும், ஓடட்டும்... இப்ப சுத்துங்க" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தான். மீன் ஒருதரம் புரண்டது. வெள்ளி வயிறு.

கழி சடாரென்று நிமிர்ந்தது.

பெல்லாமி நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு கரையேறினார். பச்சை நூலின் நுனி மொட்டையாக இருந்தது. நரம்பு, அதன் முனையில் இரையாகக் கட்டியிருந்த, இறகால் செய்த பொய் ஈ, மீன் எல்லாம் போயாயிற்று. எல்ஸ்பெத் கூடையைக் கீழே வைத்தாள். நான்தான், நான்தான் என்று அவளுக்குள் அடித்துக்கொண்டது. வாய் திறக்க முடியுமா? திறந்தால் கட்டியது யார் என்பதும் வெளியே வந்துவிடும்.

"பரவால்ல இன்னஸ்" என்றார் பெல்லாமி. நல்ல மனுஷன். "இன்னொரு மீன் இல்லாமலா போயிடும்? வேற நரம்பு மாட்டிக் குடுங்க."

மாற்றுக் கழியை மேல்கரை விருந்தாளி கொண்டுபோயிருந்தார். இன்னஸ் ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். பையிலிருந்து நரம்பையும் குழலையும் எடுத்தான். கார்வி அவன் பக்கத்திலேயே நின்றார்.

முதல் சுற்று விழுந்தது. இரண்டாவதில் குழல் நழுவியது. குனிந்து எடுத்தான். மறுபடி சுற்றினான், மூன்று வரை வந்து எல்லாம் கலைந்தது. வலக்கை காற்றில் இலைபோல ஆடியது, காற்றே இல்லாத மதியத்தில். பெல்லாமி முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தார். கார்வி திருப்பவில்லை.

எல்ஸ்பெத்துக்குக் கால் பரபரத்தது. போனால் காட்டிக்கொடுத்ததாகும். போகாவிட்டால் அவன் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், இத்தனை பேர் முன்னால். கடவுளே, ஒரு மழையாவது பெய்யக்கூடாதா?

நான்காவது தடவை கலைந்தபோது இன்னஸ் தலைநிமிர்ந்தான். அவளைத்தான் பார்த்தான். நூலையும் நரம்பையும் குழலையும் ஒன்றாகச் சேர்த்து அவள் பக்கம் நீட்டினான். நீட்டிய கை ஆடிக்கொண்டே இருந்தது.

"வா புள்ள" என்றான்.

அவள் போய் மண்டியிட்டு வாங்கிக்கொண்டாள். தடுமாற வேண்டும், புதிதாகக் கட்டுகிறவள்போல் இரண்டு தடவையாவது தப்பு செய்ய வேண்டும் என்று நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நுனி குழலுக்குள் போனது, குழல் வெளியே வந்தது. மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. காலையில் வராத எச்சில் இப்போது வாய் நிறைய ஊறி நின்றது. நனைத்து, மெதுவாக இறுக்கினாள். முடிச்சு மிளகளவில் வழவழவென்று உட்கார்ந்தது. அவள் வாழ்நாளில் இதைவிட அழகாக ஒன்று கட்டியதில்லை.

பெல்லாமி புது ஈயைத் தானே கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"எவ்வளவு நாளா?" என்றார் கார்வி. குரலில் கோபமில்லை. கோபம் இருந்தாலாவது அவள் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள்.

பெல்லாமி கழியை வீசினார். பச்சை நூல் பின்னே போய் முன்னே பாய்ந்தது. முடிச்சைத் தாண்டி நரம்பு சுருள் பிரிந்து நேராக நீண்டது. ஈ சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது.

"இன்னும் ஒரு முழம் அந்தப் பாறைப் பக்கம் போடுங்க சார்" என்று இன்னஸ் குரல் கொடுத்தான். "அங்கதான் படுத்திருக்கும்."

வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தான். பையின் துணி மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது.