சத்தமில்லாமல் எடுத்த படம்

கேமரா கைக்கு வந்து ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சங்கர், ஒரு வாரம் வைத்துப் பார், பிடித்தால் எடுத்துக்கொள் என்று தன்னுடையதைக் கொடுத்திருந்தான். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ், அதிலும் உயர்ந்த ரகம். தினமும் போன் போட்டு, வேணுமா வேண்டாமா என்று உயிரை எடுத்தான்.

நல்லது என்று பார்த்தால், கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. மணப்பெண்ணோ ஆட்டுக்கிடாயோ, கண் என்று ஒன்று இருந்தால் விடாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் உடைவதில்லை. கெட்டது என்று பார்த்தால், பேட்டரி நிற்பதில்லை. லென்ஸைக் கழற்றினால் கரிசல் புழுதி நேரே உள்ளே போய் உட்கார்கிறது. பழைய கேமராவில் கண்ணாடியாவது குறுக்கே நின்று காத்தது. திருச்சுழி வெயிலில் அரைமணி நேரம் வீடியோ எடுத்தால், சூடாகிவிட்டது என்று அதுவாகவே படுத்துக்கொள்கிறது. இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் எங்கே போய்ப் படுப்பது? எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் கழுத்திலிருந்து இறக்க மனம் வரவில்லை.

ஏழாம் நாள் காலையில் நரிக்குடி ரோட்டில் மாட்டுவண்டிப் பந்தயம். எல்லைக்கோட்டில் நின்று படம் எடுக்க விழாக் கமிட்டித் தலைவர் தங்கசாமி என்னை அழைத்திருந்தார். கேமராவைச் சுற்றிக் கூட்டம் கூடியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனுசக் கண்ணுக்குத் தப்பினாலும் இதற்குத் தப்பாது என்று நானே எல்லோரிடமும் அளந்துவிட்டேன்.

பெரிய மாட்டுப் பிரிவில் இரண்டு வண்டிகளுக்குத்தான் போட்டி. ஒன்று என் மனைவி ஈஸ்வரியின் அண்ணன் மாரிக்கண்ணனுடையது. இன்னொன்று சங்கையா அண்ணனுடையது. அவர் போன இரண்டு வருடமும் மூக்கு முனையில் தோற்றவர். இந்தத் தடவையும் தோற்றால் ஜோடியை விற்றுவிடுவேன் என்று காலையிலேயே ஊரறியச் சொல்லிவிட்டார். மாடு வாங்கும் நரிக்குடி வியாபாரியின் வேனும் புளியமரத்தடியில் வந்து காத்து நின்றது.

இரண்டு வண்டிகளும் ஒட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டின. என் பக்கம் மாரிக்கண்ணன் வண்டி, அதற்கு அப்பால் சங்கையா அண்ணன் வண்டி. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். யார் முந்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். தங்கசாமி என்னைக் கூப்பிட்டார். நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மாரிக்கண்ணன் மாட்டின் மூக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. கூட்டம் அடங்கிவிட்டது. சங்கையா அண்ணன் ஒரு தடவை பார்த்தார். மாடுகளைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடிக்கு நடந்தார்.

மாரிக்கண்ணனுக்கு மாலை போட்டார்கள். நான் மற்றப் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றில் அவருடைய வண்டிச் சக்கரம் கோழிமுட்டை மாதிரிச் சாய்ந்து கிடந்தது. உடனே கேமராவின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் ஒரு பெயர் சூட்டு விழாவில், தூங்குகிற குழந்தை முழித்துவிடக் கூடாதே என்று கேமராவைச் சத்தம் போடாத முறைக்கு மாற்றியிருந்தேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். பந்தயக் கூச்சலில் கேமரா சத்தம் போடாதது காதில் உறைக்கவும் இல்லை.

அந்த முறையில் இது படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். படத்தில் மேலே இருந்த சங்கையா அண்ணன் மாடு முதலில் பதிவாகியிருந்தது. கீழே இருந்த மாரிக்கண்ணன் மாடு ஒரு இமைப்பொழுது பிந்திப் பதிவாகியிருந்தது. அந்த நேரத்துக்குள் அது இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும். அந்த ஒரு சாண், மாடு ஓடியதா, கேமரா கொடுத்ததா என்று எனக்கே தெரியவில்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் நான் அளந்த அளப்புக்கு ஊரே சிரிக்கும். மச்சான் முகத்தில் முழிக்க முடியாது. இதற்குள் மாரிக்கண்ணன் பரிசுக் கோப்பையோடு நின்று, "மாப்ள, நல்லா எடு" என்றார். எடுத்தேன். மாடுகளோடு ஒன்று, கமிட்டியோடு ஒன்று, பிள்ளைகளோடு ஒன்று. கால் மணி நேரம் அப்படியே ஓடியது. சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று எனக்கே தோன்றிய பிறகுதான் தங்கசாமியிடம் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "மெசினு பொய் சொல்லாதுன்னு காலையில நீதான சொன்ன?"

"மெசினு மேல தப்பில்ல. நாந்தேன் மாத்தாம வச்சுட்டேன். இந்தப் படத்த வச்சு யாரு செயிச்சதுன்னு சொல்ல முடியாது."

மாரிக்கண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து இப்படி ஒரு அவமானமா என்று கேட்டார். பதில் சொல்ல நான் அங்கே நிற்கவில்லை. புளியமரத்தடிக்கு ஓடினேன்.

வியாபாரியின் வேன் போய்விட்டிருந்தது. சங்கையா அண்ணன் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பதால், இரண்டு கயிறுகளும் அவர் மடியில் கிடந்தன. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மச்சானுக்குப் படம் எடுத்துக் கால் மணி நேரத்தைப் போக்கியதையும் மறைக்கவில்லை.

அவர் திட்டவில்லை. "அப்ப, நான் செயிச்சேனா தம்பி?"

ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. "அது தெரியலண்ணே" என்றேன். "தோத்தீகன்னு சொல்றதுக்கும் எங்கிட்ட ஒண்ணுமில்ல."

அவர் கயிறுகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப எம் மாடு தோக்கல. ஒன் பைக்க எடு. யாவாரி இன்னும் நரிக்குடி போய்ச் சேந்திருக்க மாட்டாக."