சடகோபன் போட்ட சதவீதம்

சின்ன காஞ்சிபுரத்தில் பிள்ளையை இன்ஜினியரிங்கில் சேர்க்க நினைத்தவர்கள் முதலில் போனது சடகோபன் வீட்டுக்குத்தான். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவர் எந்தக் காலேஜ் வாசலையும் மிதித்ததில்லை, தபாலில் பி.காம். முடித்தவர். ஆனாலும் பிளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் சேர்த்து முந்நூறுக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடித் திறந்து, எந்தக் காலேஜுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லிவிடுவார். முப்பது சதவீதம் என்று அவர் சொன்ன பையனுக்கு இடம் கிடைத்தால், அந்த முப்பதில் வந்துவிட்டான். கிடைக்காவிட்டால் மீதி எழுபதில் போய்விட்டான். அவர் கணக்கு ஒருமுறையும் தவறியதில்லை.

2003 ஜூனில் அவருடைய மகள் கோதாவின் மார்க் வந்தது. 262. அதே வாரம் லைன்மேன் பரசுராமன், முசரவாக்கத்திலிருந்து தன் மகள் ஷாரோனை அழைத்துக்கொண்டு வந்தார். கோதாவுடன் ஒரே வகுப்பில் படித்தவள். 281.

"சென்னையில பெரிய அரசு காலேஜ் கேக்குதுங்க சார் பொண்ணு," என்றார் பரசுராமன்.

சடகோபன் மார்க்கைக் கொஞ்சமும் அப்பாவையும் பெண்ணையும் நிறையவும் பார்த்தார். "பதினஞ்சு சதவீதம்னு வெச்சுக்கோங்கோ. டீச்சர் டிரெய்னிங் பாருங்கோளேன், பொம்மனாட்டிக்கு நல்லது."

அவர்கள் போனதும் கோதாவுக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். பன்னிரண்டு காலேஜ். முதல் பெயர் அதே பெரிய காலேஜ். பக்கத்தில் எழுபது சதவீதம்.

"ஷாரோனுக்கு என்னைவிடப் பத்தொன்பது மார்க் ஜாஸ்திப்பா. அவளுக்குப் பதினஞ்சு, எனக்கு எழுபதா?"

"மார்க் மட்டும் போறுமாடி? குடும்பச் சூழ்நிலை, பழக்கவழக்கம்னு எத்தனையோ இருக்கு."

"அதெல்லாம் கவுன்சலிங் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"மங்கை, இவளுக்குக் காபி குடு," என்றார் சடகோபன் மனைவியிடம்.

மறுநாள் கோதா ஷாரோனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். போன வருஷத்துப் பழைய பேப்பர்களைக் கேட்டு வாங்கி, எந்தக் காலேஜில், எந்தப் பாடப்பிரிவில், கடைசியாக இடம் வாங்கியவர் மார்க் எவ்வளவு என்று இரண்டு பேரும் எழுதினார்கள். ஆளுக்கொரு தாளில் இரண்டு கோடு போட்டார்கள். மேலே, கிடைத்தால் அதிர்ஷ்டம். நடுவில், கிடைக்கலாம். கீழே, கட்டாயம் கிடைக்கும்.

பெரிய காலேஜின் பெயரை எழுதாமல் பேனாவை வைத்திருந்தாள் ஷாரோன். "உங்கப்பா பதினஞ்சுன்னுட்டாரேபா."

"போன வருஷம் சிவில் 279ல முடிஞ்சிருக்கு. உனக்கு 281. நடுவுல எழுது."

எழுதினாள். ஜூலையில் அதே சிவில் அவளுக்குக் கிடைத்தது.

பரசுராமன் தாம்பூலத்தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னார்.

"நான் சொன்ன பதினஞ்சுல வந்துட்டா பாத்தேளா," என்றார் சடகோபன். பழத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மார்க் வரிசைப்படி எட்டு நாள் கழித்து கோதாவின் முறை. சென்னையில் கவுன்சலிங் நடந்த கூடத்தில், எங்கெங்கே எத்தனை இடம் மிச்சம் என்று பெரிய திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. சடகோபன் தலையைத் தூக்கவில்லை. தன் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம் முதல் பெயரைச் சொன்னார்.

"முடிஞ்சிடுச்சு சார்."

இரண்டாவது. அதுவும் முடிந்திருந்தது. ஏழாவதில் அவர் குரல் இறங்கியது. பன்னிரண்டாவதைச் சொன்னபோது, "நாலு நாளாச்சு சார் அது முடிஞ்சு," என்றாள் அந்தப் பெண், பொறுமையாக.

சடகோபன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

கோதா தன் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். நடுப்பகுதியில் மூன்றாவதாக இருந்ததைக் கேட்டாள். சேலம் பக்கத்துக் காலேஜ், எலக்ட்ரிகல். ஐந்து இடம் இருந்தது.

திரும்பும் பஸ் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டியது. சடகோபன் கோதாவின் தாளை வாங்கி, மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார்.

"நன்னாத்தான் இருக்கு. இதை ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடு. ஆபீஸ்ல ரெண்டு பேர் கேட்டிருக்கா."

"அது என் மார்க்குக்குப் போட்டதுப்பா. அவாளுக்கு அவா மார்க்கை வெச்சுன்னா பாக்கணும்."

"அப்படியா," என்றார் சடகோபன். உண்மையிலேயே அவருக்கு அது புதுசாக இருந்தது.