சத்தமில்லாத வாய்ப்பாடு

அன்னலட்சுமி டீச்சருக்கும் சாஹுல் ஹமீது சேருக்கும் நடுவே ஓர் அலுமாரிதான் எல்லை. தெல்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் மொத்தமுமே ஒரு நீள மண்டபம். மேலே தகரக் கூரை, நடுவில் சுவர் கிடையாது. அலுமாரிக்கு இந்தப் பக்கம் டீச்சரின் ஆங்கில வகுப்பு, அந்தப் பக்கம் சேரின் கணக்கு வகுப்பு. அலுமாரி ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்குமா? அதுவும் ஹமீது சேரின் சத்தத்தை! அவர் வாய்ப்பாடு தொடங்கினால், எதிர் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிரையில் நின்றபடியே "ஏழெட்டு அம்பத்தாறு" என்று பதில் சொல்வார்கள். ஊரில் இதை வைத்து ஒரு கேலியே உண்டு.

டீச்சர் நாவலப்பிட்டிக்காரி. அவருடையது தற்காலிக நியமனம். அவர் வரும் முன்பு அந்தப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஆளே இல்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்டதெல்லாம் பிஸ்கட் பக்கற்றிலும் மருந்துப் போத்தலிலும்தான். கல்விக் கந்தோரிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து, டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்த்து, நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் நியமனம் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் டீச்சர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஆங்கிலமும் அவரோடு பஸ் ஏறிவிடும்.

அந்தத் தவணையில் இறந்தகாலப் பாடம். பிள்ளைகளின் கழுத்தில் எழுத்து அட்டைகளைத் தொங்கவிட்டு, அவர்களையே சொற்களாக நிற்கவைத்தார் டீச்சர். walk என்று நால்வர் நின்றால், ed இருவரும் ஓடிவந்து வாலில் ஒட்டிக்கொள்வார்கள். like என்றால் e ஏற்கெனவே வீட்டில் இருக்கிறாள், d மட்டும் வந்தால் போதும். stop இருக்கிறதே, அது பயந்தாங்கொள்ளி. துணைக்கு இன்னொரு p வராமல் ed-ஐக் கிட்டவே சேர்க்காது. cry என்றால் y விலகி i-க்கு இடம்விட வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. ஆனால் டீச்சர் விதியைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தப் பக்கம் எட்டாம் வாய்ப்பாடு வெடிக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் டீச்சர் அலுமாரியைச் சுற்றிப் போய்க் கேட்டேவிட்டார்.

"சேர், கொஞ்சம் மெதுவா சொல்லிக் குடுங்களேன். எங்க புள்ளைகளுக்கு ஒண்ணுமே கேக்கல."

"நான் என்னத்தச் செய்ய டீச்சர்? அல்லாஹ் தந்த தொண்ட இப்படித்தான் ஈக்கி."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. டீச்சரும் விடவில்லை. அவர் கத்தினால் நானும் கத்துவேன் என்று வீம்புக்குக் கத்தினார். வீம்பு யாரை விட்டது? ஒரு திங்கட்கிழமை காலை வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, கட்டி இருக்கிறது என்றார். மருந்து தருவதாகவும், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிற அளவுக்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது என்றும் சொன்னார். மீறிக் கத்தினால் குரல் திரும்பாது. டீச்சர் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரான அதிபரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அதிபர் ஒரு கடிதத்தை நீட்டினார். ஆலோசகர் அந்த மாதமே வருகிறாராம். பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தச் சந்தைக்கடைச் சத்தத்தில், கிசுகிசுத்துப் பாடம் நடத்தினால் முன் வாங்கில் இருக்கிற பிள்ளைகளுக்குக்கூடக் கேட்காது. டீச்சர் மனதுக்குள்ளேயே பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் வகுப்புக்குள் போனவருக்கு ஏதோ குறைவது போலிருந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹமீது சேர் லீவு போலிருக்கிறது, நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டு அலுமாரி ஓரமாக எட்டிப் பார்த்தார்.

சேர் நின்றார். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினார். பிள்ளைகள் விடையைச் சிலேட்டில் எழுதித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். சரியென்றால் சேர் தலையை ஆட்டினார், பிழையென்றால் கண்ணை உருட்டினார். கடைசி வாங்கில் ஒருத்தி இருமிவிட, வகுப்பே திரும்பி அவளை முறைத்தது. மலையை அதிரவைத்த மனிதர் வெண்கட்டி விழுந்தாலும் குனிந்து மெல்ல எடுத்தார்.

யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. அதிபர் சொன்ன செய்தியைக் கேட்டு அவரே செய்தது. அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அவரைப் பார்த்து மற்ற வகுப்புகளும் குரலை இறக்கின. டீச்சரின் கிசுகிசுப்பு கடைசி வாங்குவரை போனது. அலுமாரியைத் தாண்டியும் போயிருக்க வேண்டும், அதை டீச்சர் அப்போது நினைக்கவில்லை. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஆனால் பேச்சை முறித்துக்கொண்டவர் எந்த முகத்தோடு போவது? போகவில்லை.

ஆலோசகர் அம்மா வந்த அன்று, படியேறி வந்தவர் பள்ளிக்கூடம் லீவா என்று வாசலில் நின்று கேட்டாராம். அவ்வளவு அமைதி. பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து பேனையைத் திறந்தார். டீச்சர் மெல்லிய குரலில் தொடங்கினார். walk வந்தது, like வந்தது, எல்லாம் ஒழுங்காகப் போனது.

stop-ஐ நிற்கவைத்த நேரத்தில் மழை இறங்கியது.

மலைநாட்டு மழைக்கும் தகரக் கூரைக்கும் உள்ள உறவு தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எத்தனை நல்ல மனிதர்கள் சேர்ந்தாலும் மழையின் வாயைப் பொத்த முடியுமா? டீச்சரின் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது p அட்டையைப் போட்டிருந்தவள் போவதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தாள். ஆலோசகர் அம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்தார். பிறகு பேனையை மூடப் போனார். கத்திவிடலாம், போனால் போகட்டும் குரல் என்று டீச்சர் மூச்சை இழுத்தார்.

"வாணாம் டீச்சர்!"

அலுமாரியைச் சுற்றி ஹமீது சேர் வந்து நின்றார்.

"நீங்க பாடத்த மெதுவாச் செல்லுங்க. மத்தத நான் பார்த்துக்குறன்."

இரண்டடி தள்ளி நின்று காதை மட்டும் சாய்த்தார். டீச்சர் முணுமுணுத்தார். சேர் முழங்கினார். எத்தனை வாரமாக அடக்கி வைத்த தொண்டை! தகரமும் தோற்றது, மழையும் தோற்றது. "ஸ்டொப் பயந்தாங்கொள்ளி! துணைக்கு இன்னொரு பீ வரணும்!" என்று அவர் சொன்னதும் அந்தப் பிள்ளை பாய்ந்தோடிப் போய் நின்றாள். "க்ரை! வை விலகு! ஐ வந்து நில்லு!" என்றபோது, அலுமாரிக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு வகுப்பும் சேர்ந்து விதியை ஒப்பித்தது. இத்தனை நாளும் வாயை மூடி இருந்தவர்களின் காது திறந்துதானே இருந்தது!

மழை ஓய்ந்ததும், யாராவது சொந்தமாக ஒரு வசனம் எழுத முடியுமா என்று ஆலோசகர் அம்மா கேட்டார். இரண்டாவது p-யாக நின்ற சுந்தரி போய்க் கரும்பலகையில் எழுதினாள்:

Hameed sir shouted. Teacher smiled.

ஹமீது சேர் கத்தினார், டீச்சர் சிரித்தார். ஓர் எழுத்துப் பிழை இல்லை. அப்போதுதான் டீச்சருக்குத் தான் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கண் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் வழிந்தது.

"குரல் யாருடையது என்று இந்தப் படிவத்தில் கேட்கவில்லை, பாடம் யாருடையது என்றுதான் கேட்டிருக்கு" என்று சொல்லி ஆலோசகர் அம்மா கையெழுத்து வைத்தார்.

நியமனக் கடிதம் வருவதற்குள் டாக்டரும் இனிப் பேசலாம் என்றார். டீச்சர் பள்ளிக்கு வந்து பார்த்தால், அந்தப் பக்கம் இன்னும் சிலேட்டுகள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பழகிப்போன அமைதி அன்று அவருக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியைச் சுற்றிப் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சேர், ஏழெட்டு எவ்வளவு?"

ஹமீது சேர் பதறினார். "டீச்சர், தொண்ட..."

"தொண்டை நல்லாயிருச்சு சேர், உங்க புண்ணியத்துல. வாய்ப்பாடு கேட்டு எத்தன நாளாச்சு! சத்தமா சொல்லிக் குடுங்க."

சேர் வெண்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"ஏழெட்டு?"

"அம்பத்தாறு!" என்றது மண்டபம். இந்தப் பக்கத்து ஆங்கில வகுப்பும் சேர்ந்துதான் சொன்னது. எதிர் மலையிலிருந்தும் பெண்குரல்கள் சிரித்துக்கொண்டே "அம்பத்தாறு!" என்றன.

டீச்சர் தன் வகுப்புக்குத் திரும்பி வந்து பாடத்தைத் தொடங்கினார். முன் வாங்குக்குக்கூட ஒரு சொல் கேட்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு அடங்க அன்று நெடுநேரமாயிற்று.