ஜாலி ஃப்ரெண்ட்ஸ் வேண்டாமென்ற வெற்றி

1981 மாசி மாதத்தில் சாம்பசிவம் காலை பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பதையே விட்டுவிட்டார். அவர் பிரிக்காவிட்டாலும் அவர் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸில் மற்ற எல்லோரும் பிரித்தார்கள். மாவட்ட லீக் இரண்டாவது டிவிஷன் கிரிக்கெட் முடிவுகள் அங்கேதான் பொடி எழுத்தில் வரும். சாம்பசிவம் கேப்டனாக இருந்த மதுரை ஜாலி ஃப்ரெண்ட்ஸ் கிளப் அந்த சீசனில் ஆறு மேட்ச் ஆடி ஆறிலும் தோற்றிருந்தது.

ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கதை உண்டு. வாடிப்பட்டிக்காரர்களிடம் ஜாலி ஃப்ரெண்ட்ஸ் நாற்பத்தோரு ரன்னுக்குச் சுருண்டது. ஆட்டம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதால், மத்தியானத்துக்கென்று ஆக்கிய கறிச்சோற்றை அவர்கள் பதினொன்றரைக்கே பரிமாற வேண்டியதாயிற்று. சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பேரையூரில் ஜெயித்திருக்க வேண்டியது. கடைசி ஓவரில் எல்லைக்கோட்டில் நின்ற சோணை கேட்ச்சை அழகாகப் பிடித்தான். பிடித்த வேகத்தில் ரெண்டு எட்டுப் பின்னால் போய், பந்தோடு சேர்ந்து கருவேல முள் வேலிக்குள் மல்லாந்து விழுந்தான். அம்பயர் சிக்ஸர் என்று இரண்டு கையையும் தூக்கினார். சோணைக்கு முள் எடுத்து முடிக்கும்போது எதிர் டீம் ஊர்வலமே போய்விட்டிருந்தது.

ஜாலி ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். அவனியாபுரம் டீமும் ஆறுக்கு ஆறு தோற்றிருந்தது. அந்த இரண்டு டீமுக்கும் இடையேதான் கடைசி மேட்ச். தோற்பவர்கள் மூன்றாவது டிவிஷனுக்கு இறங்க வேண்டும்.

அவனியாபுரத்தின் கேப்டன் வெள்ளைத்துரை. ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தான். முப்பது வயது, ஆறடி உயரம், தெருமுனையிலிருந்து ஓடிவருவதுபோல் ஓடிவந்து பந்து போடுவான். நான்கு வருஷமாக சாம்பசிவத்தை அவன்தான் அவுட் ஆக்கிக்கொண்டிருந்தான். பெரும்பாலும் முதல் பந்திலேயே. வழியில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, ஸ்டம்பு சௌக்கியமா?" என்று கேட்பான். சாம்பசிவமும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சிரிப்பு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கே ஜாலி ஃப்ரெண்ட்ஸ் பிட்ச்சில் கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடித்துவிட்டார்கள். ஒருவனுக்கு அக்கா நிச்சயதார்த்தம். மீதிப் பத்துப் பேர் ஆஜர். ஒன்பது மணிக்கு வெள்ளைத்துரையும் அவன் ஆட்கள் மூன்று பேரும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மற்ற ஏழு பேர் ஒரு டெம்போவில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து வந்த பால்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி ஒன்று பாதியில் நின்றுவிட்டதாம். அந்தப் பக்கம் ஒரு டெம்போ நிறையக் கிரிக்கெட் மட்டைகளோடு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அம்பயர் பட்டாபிராமன் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். விதி என்றால் விதி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒன்பதரைக்கு ரெண்டு பக்கமும் எட்டு ஆளாவது மைதானத்துல நிக்கணும். இல்லேன்னா நிக்கிற டீமுக்கு வாக்ஓவர். ரெண்டு பக்கமும் ஆள் குறைஞ்சா, காத்திருக்கிறதும் இல்லாததும் என் இஷ்டம்."

இதைக் கேட்டதும் ஜாலி ஃப்ரெண்ட்ஸின் ஓபனர் வெங்கட்ரமணன் காலில் கட்டிய பேடை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். "முடிஞ்சதுண்ணே. ஒரு பந்து போடாம ஜெயிச்சாச்சு. மத்தியானம் மாட்னி போகலாம்."

சாம்பசிவத்துக்கும் நெஞ்சில் ஏதோ லேசானது. அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா' எதற்கு என்று யோசித்தபோதுதான் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. இரண்டாவது டிவிஷனில் தங்கிவிட்டோம் என்பதற்காக இல்லை. இன்றைக்கு வெள்ளைத்துரை பந்தை எதிர்கொள்ள வேண்டாம் என்பதற்காக.

வெள்ளைத்துரை தூரத்தில் தனியாக ஒற்றை ஸ்டம்பை ஊன்றி அதற்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். சாம்பசிவம் அவனிடம் நடந்தார்.

"என்ன துரை, வருவாங்களா?"

"வந்துருவாய்ங்கண்ணே. கேட்டைத் தொறக்கணும்ல."

"தொறக்கலேன்னா?"

"தொறக்கலேன்னா மூணாவது டிவிஷன். அங்கயும் மனுசங்கதான ஆடுறாய்ங்க." சொல்லிவிட்டு அவன் பந்தைப் பொறுக்கப் போனான். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்பான் என சாம்பசிவம் எதிர்பார்த்தார். அவன் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் சோணையைத் தனியே அழைத்தார். "நீயும் இன்னும் ரெண்டு பேரும் ரோட்டோரக் கடையில போய் டீ சாப்பிட்டு வாங்க."

"இப்பத்தானண்ணே சாப்பிட்டோம்."

"இன்னொண்ணு சாப்பிடுங்க. வடையும் சாப்பிடுங்க. நான் கைகாட்டுற வரைக்கும் இந்தப் பக்கம் வரப்படாது."

சோணைக்கு விஷயம் விளங்கவில்லை. வடை விளங்கியது. மூன்று பேரும் போனார்கள்.

ஒன்பதரைக்குப் பட்டாபிராமன் தலைகளை எண்ணினார். அவனியாபுரம் நான்கு. ஜாலி ஃப்ரெண்ட்ஸ் ஏழு. மறுபடி எண்ணினார். "பத்துப் பேர் இருந்தாங்களே சாம்பசிவம்?"

"மூணு பேரைக் காணோம் சார். எங்க போனாங்கன்னு தெரியல."

பட்டாபிராமன் ரோட்டுப் பக்கம் பார்த்தார். டீக்கடைக் கீற்றுக்கு அடியில் வெள்ளை பேண்ட் போட்ட ஆறு கால்கள் தெரிந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார். "ரெண்டு பக்கமும் ஆள் குறைவு. பத்து மணி வரை பார்ப்போம். அதுக்கு மேல நான் வீட்டுக்குப் போயிருவேன்."

வெங்கட்ரமணனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவக்க சாம்பசிவத்தின் முன்னால் வந்து நின்றான். "நீங்க எங்களுக்குக் கேப்டனா, அவங்களுக்குக் கேப்டனா?"

"இந்த வருஷம் ஒரு மேட்ச்சாவது ஆடி ஜெயிக்கணும் வெங்கட்."

"ஆடித்தான் ஆறு தோத்தோம். ஆடாம ஒண்ணு ஜெயிக்கக் கூடாதா?"

வெங்கட்ரமணன் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்றவர்களும் அவரைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்தார்கள். கேட் திறக்காமலே போய்விட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பத்து அடிக்கச் சற்று முன்னால் அவனியாபுரத்துக்காரர்கள் வந்தார்கள். கேட் திறந்தபோது டெம்போ கிளம்ப மாட்டேன் என்றதாம். ஏழு பேரும் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். சாம்பசிவம் கடையைப் பார்த்துக் கைகாட்டினார்.

டாஸ் ஜெயித்ததும், மூச்சிரைத்துக்கொண்டிருந்தவர்களை உடனே ஃபீல்டிங்கில் நிறுத்தினார். அந்த அளவுக்கு அவரும் நல்லவர் இல்லை.

வெங்கட்ரமணன் கேப்டன் மேலிருந்த கோபத்தையெல்லாம் பந்தின் மேல் காட்டி நாற்பத்தேழு அடித்தான். சாம்பசிவம் இறங்கியபோது வெள்ளைத்துரை மறுபடி பந்தை வாங்கிக்கொண்டான். முதல் பந்து மட்டைக்கும் ஸ்டம்புக்கும் நடுவே போனது, எதையும் தொடவில்லை. இரண்டாவது மட்டையில் பட்டது. மூன்றாவதை எப்படி அடித்தார் என்று அவருக்கே தெரியாது, பந்து டீக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு ரன் எடுத்தபின் அதே வெள்ளைத்துரையிடம் போல்டானார். திரும்பி நடக்கையில் தலை குனியவில்லை. ஜாலி ஃப்ரெண்ட்ஸ் மொத்தம் நூற்று இருபத்தாறு.

அவனியாபுரம் அடித்து, அவுட்டாகி, மறுபடி அடித்துக் கடைசியில் ஒன்பது விக்கெட் போய் மூன்று ரன் தேவை என்ற இடத்துக்கு வந்தது. மட்டை பிடித்தது வெள்ளைத்துரை. சாம்பசிவம் தானே பந்தை எடுத்தார். உயரமாக, மெதுவாக ஒரு பந்து போட்டார். வெள்ளைத்துரை ஆசையை அடக்க முடியாமல் தூக்கினான். பந்து நேராக எல்லைக்கோட்டில் நின்ற வெங்கட்ரமணனை நோக்கிப் போனது. அவன் டீமிலேயே நல்ல கைகாரன். ஓடக்கூட வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே கையை விரித்தான். பந்து கையில் விழுந்து, துள்ளி, தோளில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டது.

அவனியாபுரத்தார் கூச்சலில் எதுவும் கேட்கவில்லை. வெங்கட்ரமணன் வெகுநேரம் கழித்து நடந்து வந்தான். "வெயில் கண்ணுல அடிச்சிருச்சுண்ணே." வெயில் அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

"பேப்பர்ல கேட்ச் விட்டது யாருன்னு போடுவாங்களா?"

"போட மாட்டாங்க," என்றார் சாம்பசிவம். "ஆனா நாப்பத்தேழு யாருன்னு போடுவாங்க."

சாயங்காலம் சாம்பசிவம் சைக்கிளை எடுக்கையில் வெள்ளைத்துரை வந்து நின்றான். டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"நானா இருந்தா வாக்ஓவர் வாங்கியிருப்பேண்ணே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உன்னயக் கேட்டா செஞ்சேன்?"

வெள்ளைத்துரை ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "இன்னைக்கு நல்லா ஆடுனீங்கண்ணே," என்றான். கேலி இல்லை.

வீட்டில் மனைவி நாகலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்த்துக் குழம்பினாள். "தோத்தாச்சா, ஜெயிச்சாச்சா? ஒண்ணும் புரியலையே."

"தோத்தாச்சு. மூணாவது டிவிஷன். நான் இருபத்திரெண்டு."

"அந்த லேத்துக்காரர் பந்துலயா?"

"அதுல பதினொண்ணு அவன் பந்துலதான்."

நாகலக்ஷ்மி மேற்கொண்டு கேட்காமல் இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

வெங்கட்ரமணன் இரண்டு மாதம் பயிற்சிக்கு வரவில்லை. டீமை விட்டுவிட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் சாம்பசிவத்தைப் பார்த்தபோது அவனே வழிமறித்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றான். "ஆறு," என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆடி கழிந்து அடுத்த சீசன் தொடங்கியது. மூன்றாவது டிவிஷனில் முதல் ஆட்டம் திருமங்கலம் பக்கத்து டீம் ஒன்றோடு. எதிராளிகளை ஐம்பத்தெட்டு ரன்னில் சுருட்டி, ஐந்து விக்கெட் மீதியிருக்க ஜாலி ஃப்ரெண்ட்ஸ் ஜெயித்தது. கடைசி ரன்னை ஓடி முடித்த சோணை மட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். மற்றவர்களும் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர் டீம் கேப்டனே வந்து கை கொடுத்து, "வாங்க, சாப்பாடு ஆறிரும்," என்று கூட்டிக்கொண்டு போனார்.